கூரைக்குப் பங்கு கிடையாது: செட்டிநாட்டு வீடுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்காளிகளுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, இராயவரம், கடியாபட்டி எனப் பல ஊர்ப் பெரிய வீடுகளில் கொத்து, தச்சு, ஓடு, சுண்ணாம்பு வேலை பார்ப்பவர்களும், அந்த வேலைகளுக்கு அளவும் கணக்கும் போட்டுத் தரும் பொறியாளர்கள் சிலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். வீட்டில் கல்யாணம் என்றாலும், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றாலும் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: முகப்புக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், உதிர்ந்த இடத்தில் சிமென்ட் வைத்துப் பூச வேண்டும், ஒழுகும் இடத்தில் மேலே ஒரு கான்கிரீட் போட்டுவிட வேண்டும். இந்த மூன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல். அந்தப் பணத்தை முதலில் எங்கே போடுவது, எந்த மாதத்தில் போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் வீட்டின் வயது. உங்கள் வீட்டுக்கு ஒரே வயது இல்லை. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. ஐராவதிக் கழிமுகத்தில் நெல், இலங்கையில் காப்பியும் பிறகு தேயிலையும், மலாயாவில் வெள்ளீயமும் ரப்பரும். உங்கள் முன்னோர் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன ஊரிலெல்லாம் கிட்டங்கியில் (பலர் சேர்ந்து தொழில் நடத்தும் பொதுக் கட்டடம்) பெட்டியடி (கணக்குப் பெட்டி வைத்து உட்காரும் இடம்) போட்டு, வயலுக்கும் தோட்டத்துக்கும் கொடுத்த கடன் வட்டியோடு திரும்பியது. அது இங்கே தேக்கு மரமாக, இத்தாலிச் சலவைக்கல்லாக, பெல்ஜியம் கண்ணாடியாக, இங்கிலாந்து இரும்பாக இறங்கியது. பணம் வந்த வேகத்தில் கட்டுகளும், அதாவது வீட்டின் அடுத்தடுத்த பகுதிகளும், கூடின: முகப்பும் வளவும் (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு) ஒரு தலைமுறை, இரண்டாம் கட்டு அடுத்த தலைமுறை, மேல்மாடி அதற்கும் அடுத்தது.

1929-30-இல் உலகச் சந்தை விழுந்தது. பர்மாவில் நெல் விலை சரிந்து கடன் பணம் திரும்பவில்லை. அடமானம் வைத்த நிலம்தான் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 சதவீதம் ஆனது. நிலம் இருந்தது, ரொக்கம் இல்லை. 1942-இல் ஜப்பானியப் படை புகுந்ததும் அதுவும் போயிற்று. மலாயாவிலோ உள்ளூரிலோ கையிருப்பு வைத்திருந்தவர்கள் 1930-களிலும் கட்டினார்கள். அந்தக் காலத்து வேலையில் சிமென்ட் தலைகாட்டுகிறது.

ஆகவே ஒரே வாசலுக்குள் சுண்ணாம்பும் மரமும் மட்டுமே உள்ள கட்டு ஒன்று, இரும்புக் கர்டர் போட்ட கட்டு ஒன்று, சிமென்ட் கலந்த கட்டு ஒன்று என்று மூன்று விதமும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. எது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சீமை ஓட்டை, அதாவது மங்களூர் ஓட்டை, புரட்டி அடிப்பக்க முத்திரையைப் பாருங்கள். மங்களூரில் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1865-இல் ஓடு செய்யத் தொடங்கினார்கள். அவர்கள் பெயர் இருந்தால் அது முதல் உலகப் போருக்கு முந்திய ஓடு. போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலைகள் கைமாறின, அதனால் ‘காமன்வெல்த்’ என்றிருந்தால் பிந்தியது. கர்டரின் பக்கவாட்டில் எழுத்து புடைத்து நிற்கும். டாடா என்று இருந்தால் 1912-க்கு முன்னால் அது வந்திருக்க வழியில்லை. சுவரில் பூ ஓடு பதித்திருந்து, கழன்ற ஒன்றின் முதுகில் ஜப்பான் என்று இருந்தால் பெரும்பாலும் 1910-களுக்கும் 1930-களுக்கும் இடைப்பட்ட வேலை. ஓடும் கர்டரும் பழைய வீட்டிலிருந்து எடுத்தும் போட்டிருப்பார்கள் என்பதால், ஒரே ஒரு முத்திரையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இதை ஒரு நோட்டில் கட்டு கட்டாக எழுதி வைத்துவிட்டால் அடுத்து வரும் எந்தக் கொத்தனாரும் கண்ணை மூடிக்கொண்டு கைவைக்க மாட்டார்.

இனி தண்ணீர். இந்த வீடுகளைக் கட்டியவர்கள் மழையை மிக யோசித்துத்தான் கட்டினார்கள். கூரைச் சரிவு எல்லாம் முற்றத்தை நோக்கி இறங்கும். தகட்டு வாய்க்காலும் தூம்பும் தண்ணீரை வாங்கி முற்றத்தில் விடும். அண்டாவில் பிடித்தது போக மீதி, தளத்துக்கு அடியில் ஓடும் வடிகால் வழியே தெருவுக்குப் போய் ஊருணியில் சேரும். இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் தண்ணீர் சுவருக்குள் போகும். வீடு சாவது பெரும்பாலும் அங்கேதான். பெயின்ட் மங்கி இந்த ஊரில் எந்த வீடும் விழுந்ததில்லை.

நாட்டு ஓட்டுக் கூரையில் ஓடு ஒரே அடுக்கு இல்லை. மல்லாந்தும் குப்புறவும் பல அடுக்காக மேய்ந்திருக்கும். மேலடுக்கு உடைந்தாலும் கீழடுக்கு கொஞ்சகாலம் தாங்கும். ஆகவே கீழே ஒழுக்குத் தெரியும்போது மேலே சேதம் ஏற்கெனவே முற்றியிருக்கும். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் கைமரத்தின் வழியே சறுக்கி வந்து ஏதோ ஒரு ரீப்பரில் சொட்டும். மழை பெய்யும்போதே மச்சில் (கூரைக்கு அடியில் உள்ள பரணில்) ஏறி, ஈரத் தடத்தை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து, மரத்தில் சாக்பீஸால் குறி போட வேண்டும். காய்ந்த பிறகு தேடினால் கிடைக்காது. ஓட்டின் மேல் ஆள் நேராக மிதித்து நடந்தால் ஒன்றைச் சரிசெய்யப் போய் பத்தை உடைத்துவிட்டு வருவார். சரிவின் மேல் சட்ட ஏணியைப் படுக்க வைத்து அதன் மேல்தான் போக வேண்டும். ஓடு பிரித்து மேயும்போது நல்ல பழைய ஓடு கணிசமாகத் தேறும். அதைக் கீழடுக்குக்கு வைத்துக்கொண்டு புது ஓட்டை மேலடுக்குக்குப் போடுங்கள். முகட்டைச் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். வெயிலில் மரமும் ஓடும் நகரும், சிமென்ட் நகராது, இரண்டே கோடையில் விரிசல் விடும்.

ஓட்டை எடுத்துவிட்டுத் தகர ஷீட் போடும் யோசனையும் சிலருக்கு இருக்கிறது. ஓட்டின் எடைதான் அந்தக் கூரையைச் சுவரோடு அமர்த்தி வைத்திருக்கிறது. எடை போனால் காற்று தூக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் செய்துவிட்டுப் போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

மேல்மாடியின் கட்டைக்குத்துத் தளம், அதாவது மெட்ராஸ் டெரஸ், வேறு ஜாதி. உத்திரத்தின் மேல் தேக்குச் சட்டங்கள்; அவற்றின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கல்லைக் குத்துக்கல்லாகக் கோணவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். இது ஒழுகினால் உடனே சொல்லப்படும் வைத்தியம் நாலு அங்குலக் கான்கிரீட். கணக்கைப் பாருங்கள்: ஒரு கன அடி கான்கிரீட் ஏறக்குறைய 68 கிலோ. நாலு அங்குலக் கனத்தில் ஒரு சதுர அடிக்கு 23 கிலோ வரும். 10-க்கு 12 அறை ஒன்றின் மேல் 2,700 கிலோ. நூறு வருஷச் சட்டத்தின் தலையில், அதன் நுனி சுவருக்குள் எந்த நிலையில் இருக்கிறது என்றே பார்க்காமல், இரண்டே முக்கால் டன்னை ஏற்றுகிறோம். ஒழுக்கும் நிற்காது. கான்கிரீட்டுக்கும் பழைய தளத்துக்கும் நடுவே புகும் நீர் மேலே ஆவியாக முடியாமல் கீழே மரத்துக்குத்தான் இறங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். சட்டம் சுவரில் புகும் இடத்தை, இரண்டு நுனியையும், ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் முனை ஏறாது, கை திருப்பித் தள்ளும். அரை அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் அந்த நுனி செத்தது. நடுச்சட்டம் இரும்பு போல இருந்து நுனி மட்டும் உளுத்த சட்டங்கள்தான் அதிகம். முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கீழே முட்டுக் கொடுத்து, உளுத்ததை வெட்டி, இரு பக்கமும் தகடு வைத்துப் போல்ட் போட்டு நீட்டலாம்; அல்லது சுவரை ஒட்டித் தாங்கு உத்திரம் ஒன்று கொடுக்கலாம். மேலே, பெயர்ந்த தட்டோட்டை மட்டும் எடுத்து, அடியில் சுண்ணாம்புச் சாந்து வைத்து, தண்ணீர் தூம்புக்கு ஓடும்படி வாட்டம் பார்த்துத் திரும்பப் பதித்தால் பெரும்பாலான ஒழுக்கு அதோடு நின்றுவிடும். ஆயிரம் லிட்டர் டேங்கை அந்தத் தளத்தில் வைக்காதீர்கள். நிரம்பினால் அது ஒரு டன், அதுவும் ஒரே இடத்தில். பின்கட்டில் தனிச் சட்டகம் நிறுத்துங்கள்.

கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றும் ஆலங்கன்றும் கவனிக்க வேண்டியவை. பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் வரும். வெட்டி, அடிக்கட்டையில் துளை போட்டுக் களைக்கொல்லி ஊற்றி, வேர் செத்துச் சுருங்கிய பிறகு உருவி, பொந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கி அடைக்க வேண்டும். கர்டர் போட்ட கட்டுகளில் துருவைப் பாருங்கள். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் பிடித்து, சுற்றியிருக்கும் செங்கல்லைப் பிளந்துவிடும். கர்டரின் ஓரத்தில் நீளவாக்கில் நேர்க்கோடாக விரிசல் ஓடினால் அது பூச்சு விரிசல் அல்ல. அங்கே பூசி மறைப்பது ஆபத்து.

சுவருக்கு வருவோம். செட்டிநாட்டுப் பூச்சு என்றதும் முட்டை எத்தனை என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. முட்டையின் வெள்ளைக்கரு கடைசி மெருகுப் பூச்சின் சங்கதி. சுவரைக் காப்பது அதற்குக் கீழே இருக்கும் சுண்ணாம்பு அடுக்குகள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வாங்கி வெளியே விட்டுவிடும். சிமென்டும் பிளாஸ்டிக் எமல்ஷனும் விடாது. உள்ளே தேங்கிய ஈரம் இன்னும் மேலே ஏறி, அதில் கரைந்த உப்பு பூச்சின் முதுகில் படிகமாகி, ஒருநாள் பலகை பலகையாகத் தள்ளிவிடும். இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசிய சுவர்களில் தலைமட்டத்தில் புதிதாக உதிர்வதன் காரணம் இதுவே.

பூசிய சிமென்டை எடுப்பதற்கும் முறை உண்டு. பிரேக்கர் மெஷின் கூடாது, பழைய செங்கல் நொறுங்கும். விரலால் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் வரும் இடத்திலிருந்து சிறு உளியால் தொடங்கி, கீழ் மூன்றடியை முதலில் எடுங்கள். பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரை அப்படியே விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். வெளியே பூக்கும் உப்பை ஈரத்துணி போடாமல் உலர்ந்த பிரஷால் தட்டி அள்ளி எறியுங்கள். சுவர் காய்ந்த பிறகே பூச்சு.

சுண்ணாம்பு மூட்டையில் வரும் பொடியாக இருந்தால் அதன் மேல் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கினால் அது காற்றைக் குடித்துச் செத்த சுண்ணாம்பு, வெறும் சாக்பீஸ் பொடி, திருப்பி அனுப்பிவிடலாம். சுட்ட கல்லாகவோ கிளிஞ்சலாகவோ வாங்கித் தாளிப்பது, அதாவது தண்ணீரில் போட்டு நீற்றுவது, நல்லது. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கல். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறித்து முகத்தில் விழும். கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று நான்கு வாரம் ஊற வேண்டும், கூட ஊறினால் இன்னும் நல்லது. முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் இரண்டரை முதல் மூன்று, அரை அங்குலக் கனம். அடுத்தது சன்ன மணலோடு பாதிக் கனம். கடைசி அடுக்கு ஏறக்குறையச் சுண்ணாம்பும் கல்மாவும் மட்டுமே, காகிதக் கனத்தில், வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. கடுக்காயை உடைத்துக் கருப்பட்டியோடு ஊறப்போடும் தண்ணீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். இரும்பு டிரம்மில் வைத்தால் கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மைபோலக் கறுக்கும். அந்தக் கறை வெள்ளைப் பூச்சில் ஏறினால் போகாது. ஒரு அடுக்கு இறுகும் முன் அடுத்ததைப் பூசினால் வலைவலையாக வெடிக்கும். வெயில் நேராகப் படும் சுவருக்குச் சாக்குப் படுதா கட்டுங்கள். அவசரக் கல்யாணத்துக்கு இந்த வேலை ஒத்துவராது. தேதி குறித்தாகிவிட்டது என்றால், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டு விருந்தை நடத்துங்கள். அதுவே கெடுதலில்லாத ஒப்பனை.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஒன்றே ஒன்று: ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். அது சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்டை ஊற்றி, மணலும் சிமென்டும் நிரப்பித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தது. ஆசிட் அந்தக் கண்ணாடி முகத்தைத் தின்றுவிட்டால் மெஷின் பாலிஷ் எதுவும் அதைத் திருப்பித் தராது. சோப்புத் தண்ணீரும் துளித் தேங்காய் எண்ணெயும் போதும். நாலைந்து கல் உடைந்தால் புதுக்கல் வாங்கி நடுவில் ஒட்டுப் போடாமல், சாமான் அறையிலோ பின்கட்டிலோ அதே பூவில் இருக்கும் பழைய கல்லைப் பெயர்த்து இங்கே வைத்து, புதுக்கல்லை அங்கே போடுங்கள்.

முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுவது பற்றியும் கேட்கிறீர்கள். வளவின் சூடு மேலேறிப் போகும் ஒரே புகைபோக்கி அந்த முற்றம். மூடினால் வெக்கை தங்கும், ஷீட்டின் விளிம்பு பழைய வாய்க்காலோடு பொருந்தாத இடத்தில் மழை நேராக உத்திரத்தில் இறங்கும். குரங்குக்கும் திருடனுக்கும் பயந்தால் கம்பி வலை போடுங்கள்.

நிலை, கதவு, தூண் விற்பது. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் என்ன விலை போகும் என்று எங்களிடமே விசாரிக்கிறீர்கள். பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாத வீட்டில் ஒருவர் தன் பங்குக்கு உள்ளறைக் கதவைக் கழற்றிக்கொண்டு போவதும் நடக்கிறது. உங்கள் சொத்து, விற்காதீர்கள் என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் வளவுத் தூண் அலங்காரத்துக்கு நிற்கவில்லை. ஒன்றை உருவி அதற்குப் பதில் இரும்புக் குழாயை நட்டால், உத்திரம் அந்தப் பக்கம் சில நூல் அளவு இறங்கினாலே போதும், மேலே ஓட்டின் வரிசை கலைந்து ஒழுக்கு ஆரம்பிக்கும். நிலையைப் பெயர்த்தால் அதைக் கவ்வி நிற்கும் சுவரும் நிலைக்கு மேலிருக்கும் சூரியப் பலகைக்கு மேலுள்ள செங்கல்லும் சேர்ந்து வரும். இன்னொன்று: கட்டடத்திலிருந்து கழற்றிய பொருளும் நூறு வயது தாண்டியிருந்தால் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்குபவர் எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

தெருவைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும், நாங்கள் பேசினால் எடுபடாது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் ஏறி, முற்றத்து வடிகால் வாய் தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. உள்ளிருந்து போக வேண்டிய தண்ணீர் தெருவிலிருந்து உள்ளே வருகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாடு அரசின் உத்தரவு இருக்கிறது. சாலை வேலை தொடங்கும் முன் உங்கள் பேஸ்மட்டத்தில் தெருமட்டத்தை ஒரு கோடு போட்டுப் படம் எடுத்து, ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுத்தில் கொடுங்கள். இந்த ஊர்களைச் செட்டிநாட்டு வணிகர் ஊர்த் தொகுதி என்று 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறது இந்திய அரசு; அதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள், சும்மா கிடக்கட்டும்.

கடைசியாக, பங்கு. வீட்டை அறைவாரியாகப் பிரித்துக்கொள்கிறீர்கள்: இந்த உள்ளறை இன்னார் புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு), அந்த வெளியறை இன்னாருக்கு. கூரையையும் வடிகாலையும் யாரும் எழுதிக்கொள்வதில்லை. ஆனால் ஒரே சரிவு ஐந்து பேர் அறைக்கு மேல் ஓடுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி தன் பங்கைப் பழுதுபார்க்காமல் விட்டால், சென்னையில் இருக்கும் அண்ணன் புதுசாக்கிய அறையில்தான் தண்ணீர் இறங்கும். அறையை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். கூரை, வாய்க்கால், வடிகால், கறையான் மருந்து, மின்வயர் ஆகிய ஐந்தும் பொது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். புள்ளிக் கணக்கில் வருஷ வரி வைத்துத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். கோவில் வரிக்கு உங்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஒருவர் தராவிட்டால் வேலையை நிறுத்தாமல் அவர் பெயரில் பற்று எழுதிவிட்டுச் செய்யுங்கள். படைப்புக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம்.

வேலைக்கு மாதம்: ஓடு பிரிப்பது சித்திரை, வைகாசி. வாய்க்கால், தூம்பு, வடிகால் சுத்தம் ஆவணிக்குள் முடிய வேண்டும், புரட்டாசியில் ஆள் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை ஒழுக்குக்குக் குறி போடும் மாதங்கள். பூச்சும் தளமும் தை முதல் பங்குனி வரை. மழைக்காலத்தில் வீட்டைப் பூட்டிச் சாவியைக் காவலுக்கு இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். முகப்புச் சாவி மட்டும்தான் அவரிடம் இருக்கிறது. மச்சுக்கும் மேல்மாடிக்கும் போகும் கதவின் சாவியையும் கொடுங்கள். ஒரு டார்ச் லைட்டும் சாக்பீஸ் பெட்டியும் அந்தப் படியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு வீடுகளில் கொத்து, தச்சு, ஓடு, சுண்ணாம்பு வேலை செய்வோர்